ஐயா தவறிய நாள்

போன கிழமை எங்கள் சந்திக் கடைக்காரர் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் இறங்கினார். கொழும்பில் படிக்கிற என் மகன் விடுமுறைக்கு வீடு வரவேண்டிய காலை அது. "அக்கா, தம்பி தவறிட்டாராம். கடைக்கு ரெலிபோன் வந்தது" என்றார். பிறகு குனிந்து சைக்கிளின் ஸ்ராண்டைக் காலால் தேடினார். துருப்பிடித்த ஸ்ராண்ட், லேசில் இறங்கவில்லை. அதோடு மல்லுக்கட்டி நிமிர்ந்த பிறகுதான், "ராத்திரி ரயிலுக்கு. நாளைக்குத்தான் வருவாராம்" என்று மிச்சத்தைச் சொன்னார்.

அந்த ஸ்ராண்ட் இறங்குவதற்குள் நான் என்னவெல்லாம் கண்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் மகனும் வந்தான். தின்றான், தூங்கினான், திரும்பியும் போய்விட்டான். நான் மட்டும் அரிசி களையும்போது இன்னும் படலையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இறந்தவரைத் தவறிவிட்டார் என்பார்கள். ரயிலைப் பிடிக்காதவரும் தவறிவிட்டவர்தான். சோதனையில் பாஸ் பண்ணாதவரும் அப்படியே. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி இவ்வளவு காலம் சீவித்தோமோ தெரியாது. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இது முதல்தடவை அல்ல.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். நாங்கள் நயினாதீவில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அதைவிட முக்கியமாக, ஊர்ச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் பெயரில் 'வாலிபர்' என்று ஒரு சொல் இருந்தது. தலைவரோ மலாயாவில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்து வந்தவர். வாயில் மேல்வரிசைப் பல் ஒன்றும் இல்லை. அதனால் அவர் 'வாலிபர்' என்று சொல்லும்போது அது வேறு ஏதோ பிராணியின் பெயர்போலக் கேட்கும். "ஊருக்குச் செயலாளர், வீட்டுக்கு விருந்தாளி" என்று அம்மா ஐயாவைச் சொல்லிக் காட்டுவாள். ஐயா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடக்கும். தேவாரம், தலைவர் உரை, போன கூட்டத்தின் அறிக்கை எல்லாம் முடிந்து கடைசியில் 'அங்கத்தவர் செய்திகள்' வரும். அதற்காகவே சனம் காத்திருக்கும். அதை வாசிப்பவர் மாமா, அம்மாவின் தம்பி. வீட்டில் 'ஓம்', 'இல்லை' என்பதற்குமேல் பேசாத மாமா, அங்கே எழும்பினால் தொண்டையை மாற்றிவிடுவார். "எமது அங்கத்தவர் ஒருவரின் பசு இரட்டைக் கன்று ஈன்றுள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்" என்பார். "ஏன் காணும், பசுவும் அங்கத்தவரோ?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். "சந்தா கட்டினால் சேர்ப்பம்" என்று மாமா அசையாமல் பதில் சொல்லுவார். யாராவது இறந்திருந்தால் மட்டும் இந்த விளையாட்டு இல்லை. எல்லோரும் எழுந்து கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார்கள். அத்தோடு கூட்டம் கலையும். அது சங்கத்தின் விதி.

அந்த வருடம் சங்கத்தின் வாயில் இருந்ததெல்லாம் 'மருத்துவிச்சி வீடு' என்ற ஒரே பேச்சு. சீமெந்துத் தரையும் ஓட்டுக்கூரையுமாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தால், அரசாங்கம் படித்த மருத்துவிச்சி ஒருத்தியை ஊரிலேயே தங்க அனுப்பும் என்று சொல்லியிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் இல்லை. ஓடு வாங்க நாடகம் போடுவோம் என்றார்கள். யார் ராசா வேடம் கட்டுவது என்ற சண்டையிலேயே இரண்டு கூட்டம் முடிந்தது. கடைசியில் ஏலம் என்று தீர்மானமாயிற்று.

எங்கள் ஊர் ஏலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஏலத்தில் வென்றவர் பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. "சங்கத்துக்கே!" என்று காசையும் கட்டிப் பொருளையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி ஒரு சேவல் நாலு பேருக்கு விலைப்பட்டு, யாருக்கும் சொந்தமாகாமல் அங்கேயே கூவிக்கொண்டு நிற்கும்.

ஏலத்தன்று விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். சேவல், ஆட்டுக்குட்டி, பனங்கிழங்கு ஒடியல் கட்டு, கருவாடு, புதுப் பாய் எல்லாம் மேசையடியில் குவிந்திருந்தன. நடுவில் எங்கள் வீட்டுப் பூசணிக்காய். அம்மா குசினிக் கழுநீரை ஊற்றி ஊற்றி வளர்த்தது. எங்களை அதைத் தொடவும் விடாதவள், அன்று காலை தானே அறுத்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டாள். அவள் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் நடக்கக்கூடாது என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஐயா முதல்நாளே ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார். தீவுப்பகுதிக்குப் பொறுப்பான மணியகாரரை விழாவுக்கு அழைத்துவருவது அவர் பொறுப்பு. காலையில் நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றிப் போகிற வள்ளத்தில் இருவரும் வந்து எங்கள் துறையில் இறங்குவதாக ஏற்பாடு. மணியகாரருக்கென்று கைப்பிடி வைத்த கதிரை ஒன்று முன்னால் வெறுமையாகக் கிடந்தது.

அவர்கள் வரத் தாமதமானதால் ஏலத்தைத் தொடங்கிவிட்டார்கள். மாமா பூசணிக்காயைத் தோளில் தூக்கினார்.

"பாருங்கோ! இது பூசணிக்காய் இல்லை, மணியகாரற்ற வயிறு! ஆர் கேக்கிறியள்?"

"ஒரு ரூவாய்" என்றார் பின்னால் நின்ற சுருட்டு முதலாளி.

"ஒண்டரை" என்றார் தலைவர்.

"தலைவர், மலாயாக் காசு இஞ்ச செல்லாது!"

"அது செல்லும் காணும். உம்மடை சுருட்டுத்தான் நெருப்பு வைச்சாலும் பத்தாது!"

சனம் கொல்லென்று சிரித்தது. முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. அவர் ஏற்ற, இவர் ஏற்ற, கடைசியில் முதலாளி வென்று "சங்கத்துக்கே!" என்று கையை விரித்தார். இரண்டாம் முறை தலைவர் வென்று, பல்லில்லாத வாயால் அதையே சொன்னார். மூன்றாம் முறை பூசணிக்காய் மேலே எழும்பியபோது நான் பாயில் இருக்கமுடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மாமா, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் துறையில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர் இரைக்க இரைக்க ஓடிவந்தார்.

"வாத்தியார் தவறிட்டாராம்! நெடுந்தீவு வள்ளக்காரன் கடலில நிண்டு கத்திச் சொல்லிப்போட்டுப் போறான்!"

சிரிப்பு அப்படியே நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயோ!" என்று ஒரு குரல் எழும்பியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியாருடைய மகளுக்குத் தெரிந்த தவறு ஒன்றுதான். அது கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போடுவது. ஐயா பிழை விட்டுவிட்டார் என்று ஊர் முழுக்கக் கூட்டி ஒருவன் சொல்வதா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"எங்கட ஐயா தவறமாட்டார்!" என்று கத்தினேன்.

அதைக் கேட்டுப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள். யாரோ ஒருத்தி என்னை இழுத்து மடியில் வைத்து நெரித்தாள். மாமா பூசணிக்காயை இறக்காமல் நின்றார். கூட்டத்துக்கான தொண்டையை எடுத்து, "அங்கத்தவர் செய்தி... எமது செயலாளர்..." என்று தொடங்கினார். அதற்குமேல் அந்தத் தொண்டையும் உதவவில்லை. தலைவர் எழுந்து, கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் அம்மா வந்தாள். அவளுக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. ஓடி வரவில்லை, தலைவிரித்து வரவில்லை. குசினியில் கட்டியிருந்த சேலையோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். அவள் மண்ணில் விழுந்து புரளப்போகிறாள் என்று நாலு பெண்கள் பிடிக்க ஓடினார்கள். அவளோ மணியகாரருக்குப் போட்ட கதிரையில் ஏறி இருந்தாள்.

"தம்பி, நிப்பாட்டாதை" என்றாள்.

"அக்கா... அத்தான்..."

"எனக்குச் சொல்லிப்போட்டினம். நீ நிப்பாட்டாதை. எந்தத் தரத்தில நிண்டது?"

"ரெண்டுதரம்."

"அப்ப மூண்டாந்தரம் சொல்லு."

மனிசிக்கு அறிவு பேதலித்துவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் கிட்ட வந்து, "தங்கச்சி, முதல்ல எல்லாரும் ஒரு நிமிசம் எழும்பி நிப்பம். அது விதி. பிறகு நீர் சொன்னபடி நடத்துவம்" என்றார். அம்மா தலையசைத்தாள்.

ஊர் முழுவதும் எழுந்து, குனிந்து, கண்ணை மூடியது. நான் மூடவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கையில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஆட்டுக்குட்டி ஒடியல் கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. மாமாவின் கன்னத்தால் வழிந்தது பூசணிக்காயில் சொட்டியது. அப்போது படலைக்குள் ஐயா நுழைந்தார்.

அவருக்குப் பின்னால் தலைப்பாகையோடு மணியகாரர். ஊரே தலைகுனிந்து நிற்பதைக் கண்டதும் ஐயாவுக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. சால்வையை இறக்கி, கைகட்டி, முதலாளிக்குப் பக்கத்தில் தானும் கண்ணை மூடி நின்றுகொண்டார். மணியகாரரும் நின்றார். அதன்பிறகு அங்கே நடந்த பேச்சை முதலாளி சாகும்வரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"ஆர் முதலாளி, மோசம் போனது?" என்று ஐயா மெல்லக் கேட்டாராம்.

"எங்கட வாத்தியார்."

"எந்த வாத்தியார்?"

"இஞ்ச எத்தனை வாத்தியார் காணும் இருக்கினம்? சங்கத்துச் செயலாளர்தான். நல்ல மனிசன். கொஞ்சம் அலட்டல், எண்டாலும்..." என்று சொல்லிக்கொண்டே முதலாளி கண்ணைத் திறந்தார்.

அவர் போட்ட சத்தத்துக்கு முந்தி என் சத்தம் போய்விட்டது. "ஐயா வந்திட்டார்! நான் சொன்னனான்தானே, ஐயா தவறமாட்டார் எண்டு!"

மாமாவின் கையிலிருந்து பூசணிக்காய் விழுந்து உடைந்தது. அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் அழுதார்கள், சேவல் பறந்தது. ஐயா உயிரோடு இருப்பதற்கு ஊரிடம் மன்னிப்புக் கேட்பவர்போலக் கைகூப்பிக்கொண்டு நின்றார். நடந்தது இவ்வளவுதான். மணியகாரர் சால்வை மடித்து முடிப்பதற்குள் சாமான் வள்ளம் போய்விட்டது. இருவரும் வேறு வள்ளம் பிடித்து வந்திருக்கிறார்கள். சாமான் வள்ளக்காரன் எங்கள் துறையைக் கடக்கும்போது, "வாத்தியார் வள்ளத்துக்குத் தவறிட்டார்!" என்று உதவியாகத்தான் கத்திச் சொன்னான். 'வள்ளத்துக்கு' என்பதைச் சோளகக் காற்று தின்றுவிட்டது.

ஐயா அம்மாவுக்கு முன்னால் வந்து, "இஞ்சாரும்..." என்றார். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊரை நடத்திற செயலாளருக்கு ஒரு வள்ளம் பிடிக்க ஏலாது" என்றாள். அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. உடைந்த பூசணிக்காய்க்காக அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

"துண்டு துண்டாய்ப் போடும் காணும்!" என்று தலைவர் உற்சாகமாகக் கத்தினார். திருஷ்டி கழிந்த பூசணிக்காய் என்று சொல்லிச் சொல்லி மாமா ஒவ்வொரு துண்டாக ஏலம் கூறினார். அன்று மட்டும் ஒருவரும் "சங்கத்துக்கே" என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டை ஏந்திக்கொண்டு போனார்கள். அன்றிரவு ஊர் முழுக்கப் பூசணிக்காய்க் கறி. அடுத்த கூட்டத்தில் மாமா எழுந்து, "எமது செயலாளர் உயிருடன் இருக்கிறார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்" என்று வாசித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. மருத்துவிச்சியும் வந்து இறங்கினாள். அவள் கையில் பிறந்த முதல் பிள்ளை என் தம்பி.

கொஞ்சம் வளர்ந்து, அன்று வந்த சொல்லின் மற்றப் பொருள் தெரிந்தபோது எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. ஐயா செத்துப்போனார் என்று கேட்டபிறகும் ஏலத்தை நடத்தச் சொல்ல ஒரு மனிசியால் எப்படி முடிந்தது? ஊர் அதைத் துணிவு என்று சொல்லிப் பெருமைப்பட்டது. அந்தப் பெருமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். எனக்கு முன்னே ஒரு பெண்பிள்ளை இருந்திருக்கிறது. ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போன வள்ளத்தில் நடுக்கடலில் பிறந்து, கரை தெரிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. ஐயா சங்கத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

போன கிழமை அந்தக் கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் தரும்போது, "அக்கா, நீங்கள் நல்ல தைரியசாலி. வேறை ஆக்கள் எண்டால் பதறியிருப்பினம்" என்றார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தேன். பயம் ஒரு தாயை அப்படியும் நிமிர்த்தி வைக்கும் என்று அவருக்குச் சொல்லாமல் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

அன்று அந்தக் கதிரையில் அம்மா ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கை வயிற்றில் இருந்தது. "மூண்டாந்தரம் சொல்லு" என்றபோதும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. வெயிலில் நடந்து வந்ததால் வயிறு நோகிறதாக்கும் என்று நினைத்து, நான் ஒரு பனையோலை விசிறியைத் தேடி எடுத்து, பக்கத்தில் நின்று அவளுக்குப் பலமாக விசிறிக்கொண்டிருந்தேன்.