பத்து நாள் மாத்திரை

ஆண்டிமடத்தில் எங்களுக்கு முந்திரிக்காடு உண்டு. காய்ப்புக் காலத்தில் நாள் முழுக்கக் காட்டில் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்பவர் என் கணவர். போன வருஷம் அந்த முகம் மரத்துப்போனது. நான் என்ன சொன்னாலும் ஓர் அசைவில்லை. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் விறைத்துக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது. "எத்தினி நாளைக்கு இந்த மூஞ்சியோட உக்காந்திருப்பீங்க?" என்று கேட்டும்விட்டேன்.

பிறகு இரண்டு கையும் நடுங்க ஆரம்பித்தன. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருந்தது. பார்கின்சன் நோய்தான், தீராது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளையில் டோபமின் என்ற சுரப்பு குறைவதால் அந்த நோய் வருகிறது, அதை ஈடுகட்ட மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார். பிறகு, "வேற என்ன மாத்திரை சாப்புடுறாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க சார். கேஸ் மாத்திரை மட்டுந்தான்."

கேஸ் மாத்திரையை எங்கள் பக்கம் யாரும் மாத்திரையாகவே நினைப்பதில்லை. டவுனில் வாங்கிக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருந்த காலி அட்டையை நீட்டினேன். முன்பொரு டாக்டர் நெஞ்செரிச்சலுக்குப் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தது. நன்றாகக் கேட்டது. அட்டையை மெடிக்கலில் காட்டிக் காட்டி இரண்டு வருஷமாக வாங்கிவந்தவள் நான்தான்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "இதுல இருக்குற ஒரு மருந்து டோபமினை வேலை செய்ய விடாதும்மா. முகம் மரத்தது, நடுக்கம் எல்லாம் இதனாலயே இருக்கலாம். நிறுத்திடுங்க. சரியாகுறதுக்குச் சில மாசம் ஆகும். ஆகலேன்னா பார்கின்சன் மருந்து ஆரம்பிப்போம்."

அந்த மாதங்களில் வேறெதையும் நான் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டீயைச் சிந்தாமல் குடித்தார். அப்புறம் பொத்தானையும் தானே போட்டார். நான்காவது மாதம் கையை மடக்கி நீட்டிப் பார்த்த டாக்டர், இது பார்கின்சன் இல்லை, மருந்தே வேண்டாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது அரியலூரில் பஸ் மாறி உட்கார்ந்தோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நான்தாங்க வாங்கியாந்து வாங்கியாந்து குடுத்தேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வெஷத்தச் சோத்துல வெச்சா தெரிஞ்சிடும்னு மாத்திரையில வெச்சியாக்கும் புள்ள?"

சொல்லிவிட்டுக் கண் இடுங்கச் சிரித்தார். பஸ் நிறைய ஆள் இருப்பதையும் பாராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நான் அழுதேன்.