பார்ட்லி லாஃப்டஸின் செம்புக் கெட்டில்

மே மாதம் பிறந்துவிட்டால் அயர்லாந்தில் எங்கள் மேயோ மாவட்டத்து ஏரியின்மேல் பூச்சிகள் சிறகு முளைத்துக் கூட்டங்கூட்டமாக எழும். அவற்றை உண்ண ட்ரவுட் மீன்கள் மேலே வரும். அந்த மீன்களைப் பிடிக்க டப்ளினிலிருந்து கனவான்கள் வருவார்கள். நான் சமையலறையில் வேலைபார்த்த ஓட்டலுக்கு ஐந்து படகுகள் இருந்தன, ஐந்து படகோட்டிகள் இருந்தனர். அவர்களுள் மூத்தவர் பார்ட்லி லாஃப்டஸ். பத்தொன்பது ஆண்டுகளாக நீதிபதி லாலர் என்னும் ஒரே விருந்தாளியை ஏற்றிச்சென்றவர்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது என்பதை அவருடைய மனைவி டீலியாவும் நானும் மட்டுமே அறிவோம் என்று மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம். ஓட்டல் முதலாளி திருமதி மெல்லெட்டுக்குத் தெரிந்தால் அன்றே துடுப்பைப் பிடுங்கிவிடுவார். படகு போனால், பார்ட்லிக்கு மிஞ்சுவது சதுப்பு நிலத்தில் ஒரு துண்டும், நாள் முழுதும் உட்கார ஒரு நாற்காலியும்தான்.

ஆகவே அவர் கண்ணில்லாமல் படகோட்டக் கற்றிருந்தார். பாறைகளை அலையின் ஓசையால் அறிந்தார். தூண்டிலில் கட்டும், இறகால் செய்த பொய்ப் பூச்சிகளை டீலியா தகரப் பெட்டியில் வரிசை மாறாமல் அடுக்கித் தருவாள். நீதிபதி கேட்ட பூச்சியை அவர் விரலால் எண்ணி எடுத்துக் கொடுப்பார்.

கண்ணே தேவைப்படாத வேலை ஒன்று உண்டென்றால் அது கெட்டில். கள்ளச்சாராயம் காய்ச்சிய தம் தகப்பனாரின் பழைய செம்புப் பானையை வெட்டி, தட்டி, அவரே செய்தது அது. இரட்டைச் சுவர், சுவர்களுக்கிடையே தண்ணீர், நடுவில் புகைபோக்கி, அடியில் ஒரு தட்டில் நெருப்பு. மேலிருந்து சுள்ளிகளைப் போட்டுக்கொண்டே இருந்தால், மழையிலும் காற்றிலும் மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். ஒற்றை விரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு.

எங்கள் படகோட்டிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பகல் ஒரு மணிக்கு ஐந்து படகுகளும் தீவில் ஒதுங்கும். யாருடைய கெட்டில் முதலில் கொதிக்கிறதோ, அவர் தம் பெயரை ஏரி முழுதும் கேட்கும்படி கூவுவார். கடைசியாகக் கொதிக்கவைத்தவர் எல்லாக் கோப்பைகளையும் கழுவவேண்டும். பார்ட்லி ஒருநாளும் கோப்பை கழுவியதில்லை. மைல்ஸ் ஹெரட்டி என்னும் இளைய படகோட்டி வாரம் மூன்று நாள் கழுவினான்.

இனித் தீவில் நடந்ததைச் சொல்கிறேன். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

தெளிந்த நீர் வேண்டுமென்று கெட்டிலை ஏரியின் நடுவிலேயே நிரப்பிவிடுவார்கள். சிந்தாதிருக்க மூக்கில் கார்க் அடைப்பார்கள். அந்தக் கார்க் ஒரு சிறு சங்கிலியில் கெட்டிலோடு இணைந்திருக்கும். கரையேறியதும் முதல் வேலை கார்க்கைப் பிடுங்குவது. அன்று பார்ட்லி நீதிபதியைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது, மைல்ஸ் அவர் கெட்டிலின் கார்க்கைப் பிடுங்கித் தொங்கவிட்டான். பிறகு, தன் பையிலிருந்து கரி பூசிய வேறொரு கார்க்கை எடுத்து, மூக்கின் விளிம்போடு விளிம்பாக அமுக்கினான்.

"டேய், அது வெடிச்சுரும்டா" என்றான் ஒருவன்.

"கண்ணு தெரியுறவனுக்கு ஒரே பார்வையில தெரியும். தெரியுதான்னு பாப்போமே" என்றான் மைல்ஸ்.

மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டு தம் தம் சுள்ளிகளைப் பொறுக்கினார்கள்.

பார்ட்லி வந்து கெட்டிலைத் தடவினார். சங்கிலி தொங்கியது, கார்க் அதன் நுனியில் இருந்தது. தாமே பிடுங்கியதை மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நெருப்பு மூட்டினார்.

"என்ன அண்ணே, இன்னிக்கும் நீங்கதானா?" என்றான் மைல்ஸ்.

"நீ போய்க் கோப்பைய எண்ணி வையி, தம்பி. கழுவ வேண்டாமா?"

கொதிப்பதற்கு முன் அந்தக் கெட்டில் பாடும். அன்று பாடவில்லை. அடிவயிற்றில் ஏதோ முனகியது. என்னவென்று கேட்பதற்காகப் பார்ட்லி குனிந்து, மூக்கின் அருகில் காதை வைத்தார்.

கார்க் தெறித்தது. கொதிநீர் காதிலும் கழுத்திலும் தோளிலும் பாய்ந்தது. நான்கைந்து துளிகள் நீதிபதியின் காற்சட்டையிலும் விழுந்தன.

படகோட்டிகள் குளிர்ந்த ஏரி நீரை அவர்மேல் வாரி இறைத்தார்கள். அவ்வளவு இரக்கம் அவர்களுக்கும் இருந்தது. நீதிபதி தம் காற்சட்டையைத் துடைத்துவிட்டு, தரையில் கிடந்த கார்க்கை எடுத்து, பார்ட்லியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பார்ட்லி, என் கையில என்ன இருக்கு?"

பார்ட்லி காதைப் பொத்தியபடி அந்தக் குரலின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சரி, இது எத்தனை விரல்?"

"மூணுங்க, ஐயா."

நீதிபதி ஒரு விரலையும் நீட்டியிருக்கவில்லை. அவர் கத்தவில்லை, வையவில்லை. "இத்தனை வருஷமா என் உயிர இந்த ஆளு கையிலயா குடுத்து வெச்சிருந்தேன்?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். கார்க்கை அடைத்தது யார் என்று மட்டும் கேட்கவில்லை. மைல்ஸ் தன் கெட்டிலில் போட்ட தேநீரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தான். திரும்பும்போது நீதிபதியின் படகையும் அவனே ஓட்டினான்; பார்ட்லி பயணியைப்போல் பின்பலகையில் அமர்ந்து வந்தார்.

மறுநாள் காலை திருமதி மெல்லெட் சமையலறைக்கு வந்து, "நீதிபதியோட சாப்பாட்டுப் பெட்டியில ரொட்டியும் ஆட்டுக்கறியும் வெச்சிரு. இனிமே மைல்ஸ் வந்து எடுத்துக்குவான்" என்றார். பார்ட்லி எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். "உன் அடுப்பு அணையுது, அதப் பாரு" என்றார்.

வாரம் ஒன்று கழிந்தது. நான் பார்ட்லியின் புண்ணுக்குப் பன்றிக்கொழுப்புக் களிம்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மைல்ஸ் வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பார்ட்லி அண்ணே, ஐயாவுக்கு உங்க கெட்டில் தேநீர்தான் வேணுமாம். என்னோடது கொதிக்க நேரமாகுதாம். உங்களோடது அன்னிக்கு வெடிச்சதுல மடிப்பு விட்டுப் போச்சே. புதுசா ஒண்ணு தட்டிக் குடுங்க."

டீலியா கரண்டியை ஓங்கினாள். "வெளிய போடா, நாயே! காது வெந்து கிடக்கிற மனுசன்கிட்ட வந்து கெட்டில் கேக்குறியே!"

"விடு, டீலியா" என்றார் பார்ட்லி. "வெள்ளிக்கிழம வா, மைல்ஸ்."

டீலியா அழுதாள், ஏசினாள், அவருடைய சுத்தியலை ஒளித்துவைத்தாள். அவர் தடவித் தேடி எடுத்துக்கொண்டார். தகப்பனாரின் பானையில் எஞ்சியிருந்த செம்பை நான்கு நாள் விரலால் அளந்து தட்டினார். ஒரு மடிப்பிலாவது பழிவாங்கியிருப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். நானே நீர் நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். மூக்கின் வழியாகத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டும் கசியவில்லை. பழைய கெட்டிலைவிட அது லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மைல்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்கிலி இருந்தது, நுனியில் ஒன்றும் இல்லை.

"கார்க் எங்கண்ணே?"

"அது உங்கிட்டதான இருக்கு."

மைல்ஸின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் அதை நாங்கள் இருவர்தான் பார்த்தோம். பார்க்கவேண்டியவரால் பார்க்க முடியவில்லை. பிறகு அவன் சிரித்துவிட்டு, கெட்டிலை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு நான் பார்ட்லியின் வீட்டில் இருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் தீவுக்கும் இடையே அரை மைல் தண்ணீர். காற்று இந்தப் பக்கம் அடித்தது. படகுகள் கூழாங்கல்லில் உரசி ஏறும் ஓசை கேட்டதும், பார்ட்லி நாற்காலியில் நிமிர்ந்து, வெந்த காதைத் திருப்பிவிட்டு மற்றக் காதைக் கதவுப் பக்கம் வைத்தார். அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

"ஹெரட்டீ!" என்று தீவிலிருந்து ஒரு கூவல் வந்தது.

டீலியா எழுந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"நாலு நிமிசம்" என்றார் பார்ட்லி. "ஈரச் சுள்ளியப் போட்டிருக்கான், மடையன். கதவத் திற, டீலியா. நாளைக்கும் கேக்கணும்."