கப்பலுக்கு வைத்த பொட்டு

"ஏம்மா செல்வி, நாளைக்குக் கொச்சிக்காரக வர்றாக. இன்னைக்காவது இந்த லோடு செல் ஒழுங்கா நம்பர் காட்டுமா, காட்டாதா?"

ஆயுத பூசை விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே எங்கள் பேராசிரியர் சார் இப்படித்தான் வரவேற்றார். தேனிக்கும் வீரபாண்டிக்கும் நடுவே ஒரு கல்லூரியில் நீளமான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆள் நீளக் கப்பல் மாடலை அதில் இழுத்து, தண்ணீர் அதன் உடம்பில் எவ்வளவு உரசுகிறது என்று லோடு செல் என்கிற கருவியை வைத்து அளப்போம். நான் அங்கே டெக்னீஷியன். "கடலே இல்லாத ஊர்ல என்ன ஆத்தா கப்பல் வேல?" என்று சின்னமனூர்ச் சொந்தக்காரர்கள் கேட்காத விசேஷ வீடே கிடையாது.

கொச்சியில் கப்பல் கட்டும் வர்கீஸ் அனுப்பிய மாடல், வர வேண்டிய உரசலைவிடக் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக லோடு செல்லைக் கழற்றி மாட்டியதில் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. என் ஒப்பந்தம் வேறு அந்த மாதத்தோடு முடிகிறது.

அன்று இழுத்தோம். நம்பர் கச்சிதமாக வந்தது.

சார் சந்தோஷப்படவில்லை. "என்னம்மா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல சார்."

மாடலைத் தூக்கினால், மூக்கில் வரிசையாகச் சந்தனப் பொட்டு. பூசைக்கு நான் வைத்தது. போன வருஷம் உதிர்ந்துவிட்டதே என்று இந்த வருஷம் தண்ணீருக்குக் கரையாத பசை கலந்து வைத்திருந்தேன்.

"டெஸ்ட் மாடலுக்கா பொட்டு வப்பாக? சொரண்டி எறி!"

சுரண்டினேன். மறுபடி இழுத்தால் நம்பர் பழையபடி படுத்துக்கொண்டது. சார் மாடலின் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"இங்கன ஒரு மணல் பட்டை ஒட்டி வந்துச்சே, எங்க?"

வந்த அன்றே, சொரசொரவென்று அசிங்கமாக இருக்கிறதென்று உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியது நான்தான். பெரிய கப்பலை ஒட்டித் தண்ணீர் தானாகவே கலங்கி ஓடும். சின்ன மாடலில் கலங்காமல் நழுவிப் போய்விடும், உரசலும் குறைந்துவிடும். அதைக் கலக்கிவிடத்தான் அந்தப் பட்டை. பொட்டும் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

"நான்தான் சார் தேச்சேன்."

இன்றோடு வேலை போனது என்றே நினைத்தேன். சார் லோடு செல்லைத் தட்டிக்கொடுத்தார்.

"ரெண்டு வாரமா லோடு செல்லைத் திட்டிக்கிட்டு இருந்தேனே... அளவு பாத்துச் சலிச்ச அந்த மணலு இப்ப எங்க கெடைக்கும்? போ, சந்தனத்தைக் கரை."

மறுநாள் வந்த வர்கீஸ் பொட்டைப் பார்த்துவிட்டு, "எந்தா சாரே இது? என்டெ பெரிய கப்பலுக்கும் வைக்கணுமோ?" என்றார்.

சார் அசரவில்லை. "பெருசுக்கு வேண்டாம் சார். சின்னப் பிள்ளைக்குத்தான் பொட்டு."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அசிங்கமாகத் தெரிகிற எதையும் தேய்ப்பதற்கு முன், அது எதற்கு என்று கேளுங்கள். என் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். உப்புத்தாள் மட்டும் இன்றைக்கும் சாரின் பீரோவில்தான் பூட்டிக் கிடக்கிறது. வேண்டுமென்றால் நான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.