என் காதிலிருந்து பிடுங்கியது

நீங்கள் பொய் சொன்னீர்கள், ஐயா. என் வாய்மொழித் தேர்வில், அறை நிறைய ஆள் இருக்கும்போது, கடைசி வரிசையில் என் அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது பொய் சொன்னீர்கள். சொன்னது சில வார்த்தைகள்தான். என்னைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது.

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மங்க ஆரம்பித்தது. பி.ஏ. முடிக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிச்சமிருந்தது, பிறகு அதுவும் போயிற்று. ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறாள். திருநெல்வேலியில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் பேச்சுதான் என் ஆய்வு. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எதற்கு ஏசுகிறார்கள், முதலாளி வரப்பில் ஏறியதும் பேச்சு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து எழுதினேன். நான் ‘நீங்கள்’ என்று சொல்கிற இந்த ஐயா எனக்கு நெறியாளர்.

தோட்டத்தில் யாரும் என்னைப் பாவம் பார்க்கவில்லை. போன அன்றைக்கே தார் சுமக்கிற ஒரு அண்ணாச்சி மடக்கினார்.

“ஏலே, கண்ணு தெரியாம வாழைத்தோட்டத்துல என்னத்தலே எழுதப் போற?”

“வாழைய எழுதல அண்ணாச்சி. உங்க வாயத்தான் எழுதுதேன்.”

“அப்ப புஸ்தகம் நாறும்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நான் போகும்போதெல்லாம், “அங்கன சகதி கிடக்கு, பைய வா” என்று யாராவது கத்துவார்கள். அவ்வளவுதான் அவர்கள் எனக்குச் செய்த ஏற்பாடு. அதை வைத்து வேலை நடந்தது.

கல்லூரிக்குள்தான் ஒன்றும் நடக்கவில்லை. என் போன் எழுத்தைப் படித்துச் சொல்லும். படத்தைப் படிக்காது. நீங்கள் புத்தகப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். போன் “படம், படம், படம்” என்று சொல்லிக்கொண்டே போகும். தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேட்டேன். “எல்லாருக்கும் இப்படித்தான அனுப்புதேன்?” என்றீர்கள். நான் எழுதிக் கொடுத்த இயல்களில் சிவப்பு மையால் ஓரத்தில் கிறுக்கித் திருப்பித் தருவீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

“சிந்… தனை… போதாது. ஒனக்குச் சிந்தன போதாதாம்லே. சோறு வைக்கட்டா?”

இப்படித்தான் என் ஆய்வு வளர்ந்தது.

என் போனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒருமுறை உங்கள் அறையில் நான் குறிப்புகளைக் கேட்டுக்கொண்டு உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னேன். எங்களைப் போன்றவர்கள் பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொள்வோம். கண் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தைச் சரசரவென்று மேய்வதைப் போல. புதிதாகக் கேட்கிறவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. நீங்கள் இயர்போனை வாங்கி உங்கள் காதில் வைத்துப் பார்த்தீர்கள்.

“என்னலே இது, எலி கத்துத மாதிரி இருக்கு!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தீர்கள். பக்கத்து அறை ஆசிரியரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தீர்கள். அதற்கப்புறம் நான் வந்தாலே “எலி வந்தாச்சா?” என்பீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நீங்கள் மறந்திருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு, கல்லூரிக்குத் தரம் போட வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. அதற்காகக் கல்லூரி அவசர அவசரமாக எங்களை நினைத்துக்கொண்டது. நூலகத்துக்குச் சாய்தளம் கட்டினார்கள். அது போய் முட்டுகிற கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. துறை வாசலில் பிரெயில் பலகை மாட்டினார்கள். அது உங்கள் யோசனை, உங்கள் ஏற்பாடு. குழு வரும்போது என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தீர்கள்.

“தடவிப் பாரு தம்பி. என்ன போட்டிருக்குன்னு ஐயாமாருக்குப் படிச்சுக் காட்டு.”

தடவினேன். மேலே, கீழே, ஓரத்தில். வழவழவென்று இருந்தது. ஃபிளெக்ஸ் அச்சடிக்கிற கடையில் கொடுத்துப் புள்ளிகளை மையில் அச்சடித்து வாங்கியிருந்தீர்கள். பிரெயில் என்றால் புள்ளி மேடாக இருக்க வேண்டும் என்பது, தமிழ் கற்பிக்கிற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்ப்பதற்குப் புள்ளி இருக்கிறது, போதும். பார்க்கிறவர்களுக்காக ஒரு பிரெயில் பலகை.

“ஒண்ணும் இல்லய்யா. தரை மாதிரி இருக்கு” என்றேன்.

குழுவில் ஒருவர் இருமினார். ஒருவர் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு “அட ஆமா” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த உங்கள் கை நழுவியது. அதற்கப்புறம் நீங்கள் என்னை ‘எலி’ என்றுகூடக் கூப்பிடவில்லை. சொந்த மாணவனிடம் ‘வாங்க, போங்க’ என்று பேச ஆரம்பித்தீர்கள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வு வந்தது. முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். பதில் சொல்லித் தேறினால் அங்கேயே ‘முனைவர்’ என்று அறிவித்துக் கை தட்டுவார்கள். அன்றைய மதியச் சாப்பாடு ஆய்வாளன் செலவு. எங்கும் எழுதப்படாத வழக்கம், யாரும் மீறாத வழக்கம். அம்மா இரண்டு மாதமாக அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினாள். சித்தி, மாமா எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாயசம் அவள் கையால் வைத்தது.

நான் பேச ஆரம்பித்தேன். போன் சட்டைப் பையில், இயர்போன் ஒரு காதில். நன்றாகத்தான் போனது. பாதியில் தேர்வாளர் நிறுத்தினார்.

“தம்பி, காதுல என்ன அது?”

“இயர்போன் ஐயா. என் குறிப்பெல்லாம் போன்ல இருக்கு. அது படிச்சுச் சொல்லும்.”

“அந்தப் பக்கம் யாரு பேசறாங்க?”

“யாரும் இல்ல ஐயா. போன்தான் பேசுது.”

“போன்ல ஆள்தானே பேசுவாங்க?”

அறை சிரித்தது. நான் போனைப் பையிலிருந்து எடுத்து, அதிலிருந்த ஒயரை உருவினேன். போன் எல்லோருக்கும் கேட்கும்படி என் வேகத்தில் படித்தது. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. முன்வரிசையில் ஒருவர் “கிளி ஜோசியம்” என்றார்.

“இது தமிழா?” என்றார் தேர்வாளர்.

“தமிழ்தான் ஐயா. வேகமா வச்சிருக்கேன். மெதுவா வச்சுக் காட்டுதேன்.”

“வேண்டாம், வேண்டாம். எனக்கு ஒரு எழுத்து புரியலை, இவருக்கு மட்டும் புரியுதாம். என்ன ஏற்பாடோ!” அவர் குரல் உங்கள் பக்கம் திரும்பியது. “நெறியாளர் ஐயா, இவர் இப்படி ஒண்ணு வச்சிருக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

நான் நிம்மதியாக நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பயமே இல்லை. ஆமாம், தெரியும், நானே காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் முடிந்தது. உங்கள் நாற்காலி கிறீச்சென்றது. மைக்கை வாங்கினீர்கள்.

“தெரியாதுங்கய்யா. நானே இப்பத்தான் பாக்கேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து வந்தீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். இயர்போன் ஒயரைச் சுருட்டி என் கையிலிருந்து போனையும் சேர்த்து வாங்கினீர்கள். இன்னொரு முனை என் காதில் இருந்தது. அதையும் உங்கள் விரலால் பிடுங்கினீர்கள். ஒரு மனிதனின் மூக்குக்கண்ணாடியை மேடையில் வைத்துக் கழற்றுவீர்களா?

“ஐயா, மத்த ஆய்வாளர்லாம் திரையில எழுதிப் போட்டு அதப் பாத்துத்தான வாசிக்காங்க? அதயும் அணைப்பீங்களா?” என்று கேட்டேன்.

“திரை எல்லாருக்கும் தெரியுது தம்பி. அதுல ஒளிவு மறைவு இல்லை” என்றார் தேர்வாளர்.

“எனக்குத் தெரியலயே ஐயா.”

நினைவிலிருந்து பேசச் சொன்னார்கள். பேசினேன். முக்கால்வாசி சரியாகவே சொன்னேன். ஒரு வசைச் சொல்லை எந்த ஊரில் பதிவு செய்தேன் என்று கேட்டார். ஆழ்வார்திருநகரி என்றேன். ஆய்வேட்டில் ஸ்ரீவைகுண்டம் என்று இருந்தது.

“பாத்தீங்களா? கழட்டுனதும் தடுமாறுறாரு” என்றார் தேர்வாளர்.

அதோடு முடிந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் தேர்வை மறுபடி நடத்த வேண்டும், ஆய்வு இவருடையதுதானா என்று அப்போது பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே நீங்களும் போட்டீர்கள்.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தேர்வு நின்றுபோனதற்கும் இலைக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. என்னை ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்த அம்மாவின் குரல் கேட்டது.

“ஐயா, பாயசம் ஊத்தட்டுமா?”

“கொஞ்சமா ஊத்துங்கம்மா. சுகர் இருக்கு” என்றீர்கள்.

தேர்வாளர் இரண்டு முறை வாங்கினார். “பாயசம் பிரமாதம்” என்று போகும்போது என் தோளைத் தட்டினார். என் ஆய்வேட்டைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

வேனில் திரும்பினோம். சேரன்மகாதேவி தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“அவருக்குத் தெரியும்னுதான சொல்லுத? பிறகு ஏம்லே தெரியாதுன்னாரு?”

“அந்தப் பலகையில ஒண்ணும் இல்லன்னு சொன்னேம்லா. அதுக்குத்தான்.”

அம்மா வேன் ஜன்னலைச் சாத்தினாள். “நீ தடவிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிருக்கலாம்லா.”

“பொய் சொல்லச் சொல்லுதியா?”

“அவரு சொன்னாருல்லா. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

உங்களுக்கு ஒன்றும் குறையவில்லைதான். எனக்கு, வரவிருந்த கல்லூரி ஆசிரியர் நேர்காணல் போயிற்று. பட்டம் கையில் இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் இப்போது வேறு கதை ஓடுகிறது. முக்கூடல் கடைத்தெருவில் ஒருவன் என் காதுபடவே, “போனு வச்சு பிட் அடிச்சாம்லா, அந்தக் குருடன்” என்றான்.

உங்கள் அறைக்கு வந்து கேட்டேன். தேர்வாளருக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்களுக்கு முன்பே தெரியும் என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். கதவைச் சாத்திவிட்டு, பழையபடி ‘லே’ போட்டுப் பேசினீர்கள்.

“லே, நீ அன்னைக்குக் குழு முன்னால என்ன சொன்ன? தரை மாதிரி இருக்குன்ன. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா?”

“உள்ளதத்தான சொன்னேன் ஐயா?”

“அப்ப உள்ளத அங்கனயே போய்ச் சொல்லு. எங்கிட்ட ஏன் வாற? ஒருத்தனும் எடுக்க மாட்டேன்னு சொன்னப்ப இரக்கப்பட்டு எடுத்தவன் நான். அத மறந்துட்ட.”

தெரியாமல் செய்யவில்லை, பயத்தில் செய்யவில்லை. எனக்குப் பாடம் கற்பிக்கச் செய்தீர்கள். அதை உங்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன்.

இப்போது மாற்றுத்திறனாளிகள் நாள் வருகிறது. அழைப்பிதழ் எனக்கும் வந்தது, வழக்கம்போலப் படமாக. பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். ‘அனைவரையும் உள்ளடக்கிய ஆய்வு’ என்ற தலைப்பில் சிறப்புரை நீங்கள். எனக்குப் பொன்னாடை உண்டாம். என் வீட்டில் ஏற்கெனவே பீரோ நிறையப் பொன்னாடை கிடக்கிறது. அம்மா ஒன்றில் பீடி இலையை மூடி வைத்திருக்கிறாள். ஈரம் காயாமல் இருக்கிறதாம்.

நான் வருவேன், ஐயா. என் தேர்வு நடந்த அதே அறைதான். அம்மாவும் வருவாள், இந்த முறை முன்வரிசையில் உட்காருவாள். என் மறுதேர்வு அதற்கு அடுத்த வாரம். காதில் ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் அப்படியே இருக்கிறது. அது விழுவதும் நிற்பதும் உங்கள் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மூடிய அறையில் என்னிடம் மட்டும் ஒத்துக்கொண்டது போதாது. பொய்யை மைக் வைத்துச் சொன்னீர்கள்.

பொன்னாடையை என் தோளில் போடுவதற்கு முன்னால், மைக்கைக் கையில் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். என் இயர்போனை உங்கள் காதில் வைத்துக் கேட்டீர்களா, இல்லையா? தெரியுமா, தெரியாதா?