அவர் ஒட்டிய படகு

ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவது அவர் தொழில். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்தால் டீ வாங்கித் தருவதாகச் சவால் விடுவார். யாருக்கும் வாங்கித் தந்ததில்லை.

ஒருநாள் காலையில் தங்கையின் கணவர் வந்தார். முகமெல்லாம் பல். மரப்படகை விற்றுவிட்டு, வெளியூரில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தார்.

"வந்து பாருங்க மச்சான். ஒரு கீறல்கூட இல்ல."

ஒட்டுக்காரர் படகை ஒருமுறை சுற்றி வந்தார். பெயின்ட்தான் புதிது. முன்மூக்கின் கோணல் அவருக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாறையில் மோதி, அடி பிளந்து அவரிடம் வந்த படகு அது. உள்ளே அடியைத் தாங்கும் மரக்கட்டைகள் ஊறி உளுத்திருந்தன. "மேல மூடினா போதும், விக்கத்தான் போறேன்" என்றார் அன்றைய சொந்தக்காரர். இவரும் மூடிக்கொடுத்தார்.

அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டினார். சொத்தென்று சத்தம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்போ பிரிச்சு சரி பண்ணுங்க."

"பிரிச்சா ஒண்ணும் மிஞ்சாது மாப்பிள்ளை."

விற்றவர் போனை எடுக்கவில்லை. தங்கையின் கணவர் கோபப்படவில்லை. படகின் அடியைத் தடவிக்கொண்டே, "ஏன் மச்சான் இவ்வளவு நல்லா ஒட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேறு படகுக்கு வழியில்லாமல் இப்போதும் அதில்தான் போகிறார். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டுவதில்லை. அந்தத் தூரத்துக்குள் மீனும் இல்லை. வாரம் ஒருமுறை, புதிதாகக் கசியும் இடத்தில் ஒட்டுக்காரர் பிசின் பூசுகிறார்.

"இனிமே பயமில்லையே அண்ணா?" என்று தங்கை கேட்கிறாள்.

"காயட்டும்மா" என்கிறார்.