கொசுறு சாரின் ‘தேடு’

அந்தப் பேருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினி அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் கொசுறு சார். ஒன்று கேட்டால் கூடவே இரண்டைச் சேர்த்துத் தருகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மனைவி இறந்தபின் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்ட மகளைக் கூப்பிட்டால், “அப்பா, மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசட்டா?” என்பாள். அந்த அப்புறம் லேசில் வராது.

அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று ஆளாளுக்கு அல்லாடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் ‘தேடு’ என்ற நிரலை எழுதினார். கறுப்புத் திரையில் அந்தச் சொல்லையும் கோப்பின் பெயரையும் தட்டினால், இருக்கும் இடத்தைச் சொல்லும். அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அம்மா ஒருநாள் படியிறங்கி வந்தார்.

“சார், தேதி வாரியா அடுக்கித் தருமா இது?”

“ஏன் தராது? உக்காருங்கம்மா.”

அந்த அம்மா சும்மா கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொசுறு சார் தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். மாமியாரின் முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரரின் நாய் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. பத்து நிமிட வேலை மத்தியானம் வரை நீண்டது. அந்த அம்மா கிளம்பிய பிறகுதான், அந்த வாரத்தில் முதல்முறையாகத் தொண்டை வறளும் அளவுக்குப் பேசியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

அன்று பிடித்தது சனி. ஸ்டோர்காரர் வந்தார், ‘தேடு’ கூட்டிக் கழிக்கக் கற்றுக்கொண்டது. டைப்பிஸ்ட் வந்தார், அச்சடிக்கக் கற்றுக்கொண்டது. யாருமே கேட்காமல் நாள்காட்டி காட்டியது, பிறந்தநாள் நினைவூட்டியது, கோப்பு கிடைத்தால் விசிலடித்தது, கிடைக்காவிட்டால் மன்னிப்புக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்தார். ஆங்கில எழுத்துகள் தீர்ந்துபோனதும், சின்ன எழுத்துக்கு ஒரு வேலை, பெரிய எழுத்துக்கு வேறு வேலை என்று பிரித்தார். உதவிக் குறிப்பு அனுமார் வால் மாதிரி நீண்டதால், அதற்குள் தேட இன்னொரு ‘தேடு’ வைத்தார். அதற்கும் ஓர் உதவிக் குறிப்பு எழுதினார். கடைசியில் வெறுமனே ஒரு கோப்பைத் தேடுவதற்கே, ‘வேறெதுவும் வேண்டாம்’ என்று தனியாக ஓர் எழுத்தைச் சேர்த்துத் தட்ட வேண்டியிருந்தது.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஒருநாள் ஷிப்ட் மேற்பார்வையாளர் அவசரத்தில் சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்தைத் தட்டிவிட்டார். பேருந்துகளின் கால அட்டவணை, கடைசி வண்டி முதலில் என்று தலைகீழ் வரிசையில் அச்சாகி நிலையம் முழுக்க ஒட்டப்பட்டது. கடைசி வண்டிக்காரர் விடியற்காலையிலேயே வந்து நின்றார். முதல் வண்டிக்காரர் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினார். பயணிகள் சண்டை போட மேலாளரின் அறைக்கே போய்விட்டார்கள்.

மேலாளர் கொசுறு சாரை வரச்சொன்னார்.

“தலைகீழா அச்சடிக்கிற வசதியை யார் சார் கேட்டா?”

“யாரும் கேக்கலை சார். தேவைப்படுமேன்னு...”

“யாருக்கு?”

கொசுறு சார் படியிறங்கித் தன் அறைக்குத் திரும்பினார்.

சீக்கிரமே வெளியிலிருந்து ஒரு மென்பொருளை வாங்கினார்கள். வெள்ளைத் திரை, பெரிய பெரிய பொத்தான்கள். ஒரு குழந்தைகூட அமுக்கிவிடும். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராததால் யாரும் படியிறங்கவில்லை. கொசுறு சார் காலையில் வருவார், கொண்டுவந்ததைத் தனியாகச் சாப்பிடுவார், மாலையில் பூட்டிக்கொண்டு போவார். கை சும்மா இருக்குமா? ரொம்ப நேரம் எதையும் தேடாவிட்டால் ‘தேடு’ தானாகவே விசாரிக்கும்படி ஒரு வசதியைச் சேர்த்தார். சேர்த்ததை மறந்தும் போனார். ஒரு மத்தியானம் அவர் எதிரே இருந்த திரையில் எழுத்துகள் ஊர்ந்தன: ‘என்ன சார், இன்னைக்கு ஒண்ணும் தேடலையா?’

அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வேலைதான் என்று புரிந்தது. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அம்மா படியிறங்கி வந்தார். அவருக்குக் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது.

“அங்கேயும் ஓடற மாதிரி ‘தேடு’வைப் போட்டுத் தரட்டுமாம்மா?” என்றார் இவர், பரபரப்பாக.

அந்த அம்மா தயங்கினார். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க செஞ்சு குடுத்ததுல பாதி எனக்கு என்னன்னே தெரியாது. மேல ஒரே புழுக்கம். இங்க ஏசி. ரெண்டு வார்த்தை பேசினா நீங்களும் பொறுமையா கேப்பீங்க. சும்மா வந்து உக்கார வெக்கமா இருக்கும், அதனால எதையாவது கேட்டு வெப்பேன்.”

கொசுறு சார் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். “சும்மாவே வந்திருக்கலாமேம்மா” என்றார்.

“நீங்க மட்டும்? ஒருநாளாவது மேல வந்திருக்கீங்களா?”

அந்த அம்மா போய்விட்டார். அறை முன்பைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் முதல் கொசுறு சார் ‘தேடு’விலிருந்து ஒவ்வொரு வசதியாக எடுக்க ஆரம்பித்தார். விசிலை எடுத்தார், மன்னிப்பை எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அதைக் கேட்டு வந்தவரின் முகத்தை நினைவில் தேடினார். யாருமே கேட்காதவைதான் அதிகம்.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் மேசைத் தொலைபேசி அடித்தது.

“சார், நான்தான். கணக்குப் பிரிவு.”

“சொல்லுங்கம்மா, என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம் சார். இங்க யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க.”

எதையாவது செய்து கொடுத்துப் பழகிய கை, மேசையில் தாளம் தட்டியது.

“மாமியாருக்கு முழங்கால் எப்படி இருக்கு?” என்றார். அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். பாதியில் இணைப்பு அறுந்துபோயிற்று. கொசுறு சார் ரிசீவரை வைத்தார். பிறகு கிளை அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து, தானே போட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.