கோட் கழற்றாமல் வாசித்த கடிதம்

ஒரு கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் இயக்குநர் முதலில் தன் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொள்வார். ஜூலை மாதமாக இருந்தாலும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் தொங்கும் கனத்த சாம்பல் நிறக் கோட். அதைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, ஒரு கையில் கனமான பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கதவடியில் நின்றபடி நாங்கள் எழுதிக் கொடுத்ததை வாசிப்பார். “சனங்கள் மேசைக்கு முன்னால் அமர்ந்து எங்கள் கடிதங்களை வாசிப்பதில்லை. வேலையால் களைத்து வந்து, கட்டடத்தின் கீழே தபால்பெட்டியைத் திறந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று வாசிக்கிறார்கள். அப்போது விளங்காவிட்டால் அது கடிதம் இல்லை” என்பார். முதல் ஒரு மாதம், இந்த மனுசனுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோ நகரத்தின் நடுவே மாகாண அரசாங்கத்துக் கட்டடம் ஒன்றில், ஆறு பேர் மட்டுமே இருந்த சிறிய பிரிவு எங்களுடையது. அரசாங்க அலுவலகங்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் கடிதங்களை எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதுவதுதான் வேலை. நானோ யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒன்பது வருடம் தட்டச்சு செய்தவள். அரைப் பக்கத்துக்கு ஒரே வசனமாக ஓடும் ஆங்கிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நீளமாக எழுதுவதுதான் மரியாதை என்று பழகிய கை. முதல் நாள் நான் கொடுத்த கடிதத்தை அவர் கோட்டோடு நின்று வாசித்துவிட்டு, “அழகாக இருக்கிறது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது.

அந்தக் கேள்வியை அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. வாசலில் நிற்கும் காவலாளி, தரை துடைக்க வரும் போர்த்துக்கேயப் பெண், கீழே கோப்பி விற்கிறவர் எல்லாரிடமும் கடிதத்தை நீட்டி, “இதை வாசித்த பிறகு என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார். அவர்கள் தடுமாறினால் கடிதம் எங்கள் மேசைக்குத் திரும்பி வரும். சட்டப் பிரிவுக்காரர்களுக்கு அவரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. மேலதிகாரிகள் அவருக்கு முன்னால் சிரித்தார்கள், பின்னால் அந்தப் பிரிவை எப்போது மூடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியும்.

அவர் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மார்புப் படம் எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். வசனத்துக்கு வசனம் சுற்றி வளைத்து எழுதிய அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, ஒன்றும் இல்லையாம் என்று அம்மா அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அப்பா இறந்த பிறகுதான் லாச்சியிலிருந்த கடிதத்தை எடுத்து, அதில் என்ன சொல்லியிருந்தது என்று ஒருவர் விளங்கப்படுத்தினாராம். இதை அவர் ஒரே ஒருதரம், வேலை முடிந்து படியிறங்கும்போது சொன்னார். விளங்கிக்கொள்வதால் யாருக்கும் கேடு வராது, விளங்காமல் போவதால்தான் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவர் முப்பது வருடம் வேலை செய்தார். அதை அவரிடமிருந்து பறித்தவள் நான். இதை எழுத இத்தனை காலம் எடுத்தது என் கோழைத்தனம்.

அந்த மாரிக் குளிரில் எங்களிடம் ஒரு கடிதம் வந்தது. எதிர்பாராமல் ஒருவர் இறந்தால், விசாரணை முடிந்ததும் அவருடைய குடும்பத்துக்கு அனுப்பும் மாதிரிக் கடிதம். பழைய வடிவத்தில் இறப்பு என்ற சொல்லே மூன்றாவது பந்தியில்தான் வரும். நான் இரண்டு கிழமை இருந்து அதைத் திருப்பி எழுதினேன். ‘உங்கள் ______ இறந்தது பற்றி எழுதுகிறேன். உங்கள் இழப்புக்காக வருந்துகிறோம்’ என்று தொடங்கி, எப்படி இறந்தார் என்று இரண்டு வரி, கேள்வி இருந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு வரி. இயக்குநர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திருப்பியும் வாசித்தார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. “இதைத்தான் என் அம்மாவுக்கு யாராவது எழுதியிருக்க வேண்டும்” என்றார். அன்று நான் ஸ்காபரோவுக்கு ரெயினில் போகவில்லை, மிதந்துதான் போனேன்.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த கட்டடத்தில், எங்களுக்கு மேல் தளத்தில் ஒரு அன்ரி இருந்தார். கல்யாணம் முடித்த மகள், மருமகன், முடிக்காத மகன் எல்லாரும் ஒரே வீட்டில். அன்ரி பள்ளிக்கூட நிலவறையில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் போவார். அந்த வசந்தத்தில் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே கிழமை, மகன் அஜக்ஸில் வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் வரும்போது விபத்தில் இறந்துபோனான். இருபத்தாறு வயது. மகள் அப்போது இரண்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அம்மாவுக்கு ஒண்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அம்மாவும் போயிடுவா” என்றாள். எங்கள் ஆட்களுக்கு இதைப் பழக்க வேண்டியதில்லை. முதலில் சுகமில்லை என்போம், பிறகு கொஞ்சம் கடுமை என்போம், சாவை மெல்ல மெல்லத்தான் வீட்டுக்குள் கொண்டுவருவோம். இந்தச் சாவை நாங்கள் கொண்டுவரவே இல்லை.

செத்தவீடு நடந்த அன்று அன்ரியின் கட்டிலடியில் இருந்தது நான். “தம்பி ஏன் பிள்ளை வரேல்லை?” என்று மகனைப் பற்றிக் கேட்டார். “அவனுக்கு அல்பேட்டாவில வேலை கிடைச்சிட்டுது அன்ரி. உடன வரச் சொல்லிப்போட்டாங்கள். நீங்கள் மயக்கத்தில இருக்கேக்க வந்து பாத்திட்டுத்தான் போனவன்” என்றேன். அங்கே மகனுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பொய் தன்பாட்டில் வளர்ந்தது. வேலைத்தளத்தில் போன் இல்லை, என் அலுவலகத்துக்குத்தான் எடுத்தவன், உங்களைக் கேட்டவன் என்று நான்தான் புதிது புதிதாகச் சொல்வேன். ஒருநாள் ஒரு நீலச் சால்வை வாங்கிக்கொண்டுபோய், தம்பி பார்சலில் அனுப்பியிருக்கிறான் என்று கொடுத்தேன். பகல் முழுக்க முதல் வரியில் உண்மையைச் சொல்லும் கடிதம் எழுதிவிட்டு, பின்னேரத்தில் இது. இரண்டையும் செய்தது ஒரே ஆள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மகளுக்குப் பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, நான் போயிருந்தேன். மகள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அன்ரி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். “பிள்ளை, உது உங்கட கந்தோரில இருந்து வாற மாதிரிக் கடிதந்தானே?”

பிரித்துப் பார்த்தேன். என் வசனங்கள். மாதிரியில் இடைவெளி விட்டிருந்த இடத்தில் தம்பியின் பெயர். மூன்று மாதத்துக்கு முந்திய திகதி. அப்போது ஏழு மாதமாக இருந்த மகளுக்குக் கால் வீங்கியதால், தபால் எடுக்க அன்ரி கீழே போகத் தொடங்கியிருந்தார். மற்றக் காலமாக இருந்தால் ஆங்கிலக் கடிதம் என்று அதை மகளிடம் கொடுத்திருப்பார், மகள் கிழித்துப் போட்டிருப்பாள். இதை அவரால் வாசிக்க முடிந்தது.

“மூண்டு மாசமா ஏன் அன்ரி பேசாமல் இருந்தனீங்கள்?”

“அவள் பிள்ளை பெற வேணுமெல்லே. நான் அழுதால் அவளும் அழுவாள். நான் தெரியாத மாதிரி இருந்தால்தான் உங்கள் எல்லாருக்கும் சுகமாயிருந்தது.”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. இந்த மூன்று மாதமும் தம்பி போன் எடுத்தவனே என்று அவர் கேட்டதும், நான் ஓம் எடுத்தவன் என்றதும், அவர் தலையாட்டியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு அவர் எழும்பிப் போய் மகளிடம் சொன்னார். அன்று பின்னேரம் அந்த வீட்டில் எட்டு மாதம் பிந்திய செத்தவீடு நடந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று அப்போது கேட்டிருந்தால் இயக்குநர் மேல் என்றுதான் சொல்லியிருப்பேன். கடிதத்தின் பிரதியை அவர் மேசையில் போட்டு, நடந்ததைச் சொல்லி, “எங்கள் சனத்துக்கு இப்படிச் சொல்வதில்லை. பழைய கடிதமாக இருந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது” என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். “அந்த அம்மாவை நான் பார்க்க வேண்டும். அவர் விரும்பினால் மட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அன்ரி அந்த நீலச் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். இயக்குநர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, எல்லாரிடமும் கேட்கும் அதே கேள்வியை, மிக மெதுவாகக் கேட்டார். “கடிதத்தை வாசித்த பிறகு என்ன செய்தீர்கள்?”

அன்ரி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “வகுப்பால வந்து தபால்பெட்டியடியில கோட்டோட நிண்டு ரெண்டுதரம் வாசிச்சன் எண்டு சொல்லு பிள்ளை. பிறகு மேல வந்து சோறு வடிச்சன். என்ர பிள்ளை எப்பிடிச் செத்தவன் எண்டு எனக்குச் சொன்னது அந்தக் கடிதம் மட்டுந்தான். மற்ற எல்லாரும் பொய் சொன்னவை. எழுதினவருக்கு என்ர நன்றியைச் சொல்லு.”

குசினியில் அடுப்படியில் மகள் நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. சால்வை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் இயக்குநரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “கடிதம் விளங்கியதாம். ஆனால் தனியே நின்று அதை வாசித்தது தாங்க முடியாமல் இருந்ததாம்.”

அவ்வளவுதான் சொன்னேன். மகளுக்காக என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, எனக்காகத்தான். அந்த ‘மற்ற எல்லாரும்’ என்பதற்குள் முதல் ஆளாக நின்றவள் நான். அதை என் வாயால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் என் வசனத்தை விளங்கும் அளவுக்கு அன்ரிக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை நான் மறந்துபோனேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திருத்துவார் என்று பயந்தேன். அவர் திருத்தவில்லை. முன்பு எப்படித் தலையாட்டினாரோ அப்படியே தலையாட்டிவிட்டு, சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அடுத்த கிழமை இயக்குநர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். தன்னுடைய கடிதம் ஒரு தாய்க்குத் தீங்கு செய்துவிட்டது, முதலில் ஒருவர் போனில் பேசாமல் இனி இதை அனுப்பக்கூடாது என்று நேராகவே எழுதியிருந்தார். போனில் பேசும் யோசனையை ஒருவரும் கவனிக்கவில்லை. தீங்கு என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பழைய மாதிரிகள் திரும்பி வந்தன. வருடம் முடிவதற்குள் எங்கள் பிரிவை மூடினார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்க்கத் தேவையான வசனம் என்னிடம் இருந்தது. கடைசி நாளன்று, சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது, “அந்த அம்மா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். “இப்போது பரவாயில்லை” என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

அவர் ஒஷாவாவுக்குப் போய்விட்டார். நான் வேறு அமைச்சுக்கு மாறி, பழையபடி நீளமான வசனங்கள் எழுதி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது மகனோடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறேன். அன்ரி மகளோடு அஜக்ஸுக்குப் போய், அங்கே பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இருந்த காலத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் எடுத்ததில்லை. என்னைக் காணும்போதெல்லாம் தேத்தண்ணி போட்டுத் தருவார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

போன மாரியில் பத்திரிகையில் இயக்குநரின் மரண அறிவித்தலைக் கண்டேன். பத்து நாள் கழித்து அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். அவரோடு வேலை செய்தவள் என்று மட்டும் சொன்னேன். கனிவான குரல். கணவர் கடைசிக் காலத்தில் பலதையும் மறந்துபோனாலும், ஸ்காபரோவில் இருந்த ஒரு தாயைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் ஒருவரைத் தனியே நிறுத்தி நோகச் செய்துவிட்டேன் என்பாராம்.

அன்ரி அன்று தமிழில் சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல், அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது, தடுமாறாமல் வந்தது. அவர், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது.

“இதை அவர் ஏன் அறியாமல் போனார்?” என்று கேட்டார். “அன்றைக்கு மொழிபெயர்த்தவர் மிகவும் நம்பிக்கையானவர் என்றுதான் என்னிடம் சொன்னார். அது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“நான்தான்” என்றேன்.

அவர் போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவரும் காத்திருந்தார்.